குச்சிப் பாலத்தை உடைக்க வாளி போதுமா, திருகு வேண்டுமா?

ஜூன் 18, காலை | எட்டாம் வகுப்பு டீச்சர்

ஐஸ்கிரீம் குச்சிப் பாலப் போட்டி. 12 குழு, குழுவுக்கு 100 குச்சி, ஒரு டப்பா வெள்ளைப் பசை, இடைவெளி 40 செ.மீ. இரண்டு பெஞ்சுக்கு நடுவே பாலத்தை வைத்து, வாளியைத் தொங்கவிட்டு, உடையும் வரை மணல் கொட்டுவதுதான் வழக்கம். உடைந்ததும் வாளியை நிறுத்தால் எடை தெரிந்துவிடுகிறது. இதற்குப் போய் திருகைச் சுற்றிப் பாலத்தை இழுக்கும் சோதனை மெஷின் வேண்டும் என்கிறார்கள், கேட்லாக் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாளியே போதாதா?

ஜூன் 18, மதியம் | நட்டுபோல்ட்டு

பரிசு கொடுக்க மட்டும் என்றால் போதும். எங்கே, ஏன் உடைந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் போதாது.

வாளியில் 20 கிலோ இருக்கிறது, ஒரு இணைப்பு விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் தளர்ந்தாலும் வாளி 20 கிலோவாகவே இழுக்கும். அடுத்த நொடிக்குள் எல்லாம் விறகு. எது முதலில் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

திருகில் இழுத்தால் நீங்கள் கொடுப்பது எடை அல்ல, இறக்கம். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். குச்சி 'டக்' என்றதும் பாலம் தளரும், இழுவை தானாகக் குறையும், பாலம் அப்படியே நிற்கும். குனிந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், விரலால் தொட்டுக் காட்டலாம். மெஷின் என்று விற்பதும் இதே வேலையைத்தான் பெயிண்ட் அடித்துச் செய்கிறது.

வேண்டியவை: கீழே ஒரு இரும்புச் சட்டம், 50 கிலோ டிஜிட்டல் லக்கேஜ் தராசு, ஒரு அடி நீள எம்8 த்ரெட் ராடு (8 மி.மீ. விட்டம், நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி), நட்டு, வாஷர், 50 × 50 × 20 மி.மீ. கட்டை, இரண்டு எஸ் கொக்கி. பாலத்தின் மேல் கட்டை. கட்டையின் நடுத் துளை வழியே ஐ போல்ட் (முனையில் வளையம் உள்ள போல்ட்) கீழே வரும். அதில் தராசு மாட்டும். தராசின் அடியில் த்ரெட் ராடு சட்டத்துக்குள் இறங்கும். சட்டத்துக்குக் கீழே நட்டைத் திருகினால் ராடு இறங்கும். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ.

ஜூன் 18, மாலை | லேத்துக்காரன்

எம்8-க்கு 1.25 அண்ணே. 1.5 என்பது எம்10.

ஜூன் 18, மாலை | நட்டுபோல்ட்டு

சரிதான். எம்8 என்றால் 1.25, எம்10 என்றால் 1.5, எம்12 என்றால் 1.75. எம்10 எடுங்கள், கணக்கும் சுலபம், 100 கிலோவுக்கு அது மிகத் தாராளம்.

ஒன்று விட்டுப்போனது. திருக வேண்டியது நட்டைத்தான், ராடைத் திருகக் கூடாது. ராடு சுற்றினால் தராசும் கொக்கியும் ஐ போல்ட்டும் சேர்ந்து முறுக்கும். பாலம் பக்கவாட்டில் திரும்பி, இல்லாத காரணத்துக்கு உடையும். ராடின் பக்கவாட்டில் ஒரு தட்டையான கம்பியை வெல்டு வைத்து, சட்டத்தில் ஒரு காடியில் ஓட விட்டால் சுற்றாது. நட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 51100 த்ரஸ்ட் பேரிங் (நட்டு அழுத்தினாலும் உரசாமல் சுற்றவிடும் பேரிங், 10 மி.மீ. உள் விட்டம்), பேரிங் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் கிரீஸ் தடவிய இரண்டு வாஷர். அதுவும் ஓடும், கொஞ்சம் முனகும்.

ஜூன் 19 | சிவில்_மூணாம்வருஷம்

லக்கேஜ் தராசு உச்ச எடையைப் பிடிக்காது. இரண்டு நொடி எண் ஆடாமல் இருந்தால் 'லாக்' ஆகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் பழைய எண்ணே நிற்கும்.

ஜூன் 19 | நட்டுபோல்ட்டு

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பள்ளிகளில் இந்தத் தராசு கெட்ட பெயர் வாங்குவது இதனால்தான். 14.35 என்று பூட்டிக்கொண்டு நிற்கும், பாலம் 31-இல் உடையும், சான்றிதழில் 14.35 ஏறும்.

மூன்று வழி உண்டு. ஒன்று, வாங்கும்போதே கடையில் சோதிப்பது: கொக்கியில் கையால் இழுத்து ஐந்து நொடி நிறுத்தி, பிறகு கூடுதலாக இழுங்கள். எண் மேலே போனால் வாங்கலாம். சிலவற்றில் லாக்கை அணைக்கும் பட்டன் உண்டு. இரண்டு, உச்சம் பிடிக்கும் கிரேன் தராசு, விலை கூட. மூன்று, லோடு செல் (இழுவையை மின் சிக்னலாக மாற்றும் துண்டு). அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் வந்த செய்முறைக் கூடம்) உள்ள பள்ளியில் ஆர்டுயினோ என்ற நிரல் எழுதி ஓட்டும் மின்பலகை ஏற்கெனவே பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும், அதை எழுப்பலாம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

கைக்கு அடக்கமான நாலாவது வழி: செல்போனில் வீடியோ. தராசின் திரையும் பாலமும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள். லாக் ஆகாத தராசாக இருந்தால் உடையும் நொடிக்கு முந்தைய எண்ணை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் படிக்கலாம். இதுவே பல சமயம் போதும்.

ஸ்பிரிங் பேலன்ஸ் மட்டும் வேண்டாம். பழைய சுருள் தராசு எடைக்கு ஏற்ப நன்றாக நீளும். பாலம் தளரும்போது அந்த நீட்டம் சுருங்கி மறுபடி பாலத்தை இழுக்கும், திருகு வைத்தும் வாளியின் குணமே திரும்பி வரும். லக்கேஜ் தராசோடு வரும் நாடாவையும் கழற்றிவிட்டு இரும்புக் கொக்கி போடுங்கள். நாடாவும் ரப்பர் மாதிரிதான்.

ஜூன் 19, இரவு | எட்டாம் வகுப்பு டீச்சர்

சட்டத்தை மரத்தில் செய்யக் கூடாதா? பள்ளியில் 18 மி.மீ. பிளைவுட் இருக்கிறது.

ஜூன் 20 | நட்டுபோல்ட்டு

உடையாது, வளையும். 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள 18 மி.மீ. பிளைவுட்டை இரு முனையில் தாங்கி நடுவில் 100 கிலோ இழுத்தால் ஏறக்குறைய 3 மி.மீ. வளையும். அதே நீளத்துக்கு 40 × 40 × 5 ஆங்கிள் ('எல்' வடிவ இரும்பு) இரண்டு போட்டால் 0.12 மி.மீ. நட்டுச் சுற்றை எண்ணிப் பாலத்தின் இறக்கத்தைக் கணக்கிடுவதாக இருந்தால், பிளைவுட் வளைந்ததையும் பாலத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வளைந்த பலகை ஒரு ஸ்பிரிங்தான் என்பதும் மேலே சொன்ன கதைதான்.

வெல்டிங் பட்டறையில் இரண்டு ஆங்கிளையும் முதுகோடு முதுகாக 14 மி.மீ. இடைவெளி விட்டு, முனையில் துண்டுத் தகடு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். இடைவெளியில் ராடு இறங்கும், துளை போடும் வேலை மிச்சம். பக்கத்துக்கு ஒரு தூண், மேலே தாங்கி. ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கைப் பிரித்தும் செய்யலாம், ஆனால் குறுக்குப் பட்டை போடாவிட்டால் ஆடும்.

இறக்கத்தைத் தனியாக அளக்க 10 மி.மீ. ஓட்டம் உள்ள டயல் கேஜ் (சிறு நகர்வை வட்ட முகப்பில் முள்ளால் காட்டும் கருவி) நல்லது. ஆனால் உடையும் தறுவாயில் கழற்றிவிட வேண்டும், கட்டை விழுந்தால் முள் போய்விடும். கட்டையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, பின்னால் கட்டிய கறுப்பு நூலை வைத்துப் படித்தாலும் அரை மில்லிமீட்டர் துல்லியம் வரும். எட்டாம் வகுப்புக்கு அது தாராளம்.

ஜூன் 20 | நட்டுபோல்ட்டு

தாங்கி பற்றி. பெஞ்சு வேண்டவே வேண்டாம். பெஞ்சு நகரும், விளிம்பு மழுங்கியிருக்கும், இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்காது. 20 மி.மீ. உருண்டைக் கம்பி இரண்டு. ஒன்றைச் சட்டத்தில் பற்றவையுங்கள், இன்னொன்று உருளட்டும்.

உருளும் கம்பியில் வளைவுப் பாலம் வைத்தால் கால் விரிந்து சப்பையாகிவிடும். கால் நகராமல் தடுப்புக் கட்டை வைத்தால் அதே பாலம் பல மடங்கு தாங்கும். எது நியாயம் என்பது விதியைப் பொறுத்தது, ஆனால் போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். 'தரையில் வைத்துப் பார்த்தோம், தாங்கியதே' என்று அன்றைக்குச் சண்டை வரும். தரை உரசலே அவர்களுக்குத் தடுப்புக் கட்டையாக இருந்திருக்கும்.

ஜூன் 21 | மணல்வாளி

அமெரிக்காவில் சயின்ஸ் ஒலிம்பியாட் என்று ஒன்று நடக்கிறது, அங்கேயே கட்டை, சங்கிலி, வாளி, மணல்தான். மேல் வரம்பு 15 கிலோ. நம்ம ஊருக்கு மட்டும் திருகா?

ஜூன் 21 | நட்டுபோல்ட்டு

அங்கே 15 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள், யார் குறைந்த எடையில் கட்டி அதைத் தாங்க வைக்கிறார்கள் என்பதுதான் போட்டி. அதற்கு வாளி கச்சிதம். இங்கே 100 குச்சிப் பாலம், குச்சி மட்டுமே 150 கிராம் வரும். சுமாராகக் கட்டினாலே 30 கிலோவைத் தாண்டும், நன்றாகக் கட்டினால் 70, 80-உம் போகும், அப்போது 50 கிலோ தராசும் போதாது. 10 லிட்டர் வாளியில் காய்ந்த மணல் 16 கிலோதான் பிடிக்கும். பிறகு செங்கல் தேடி ஓடுவீர்கள்.

சரி, வாளியைத் திட்டியது போதும். இரண்டாவது முறை யோசித்தால், 12 குழுவை ஒரே பீரியடில் முடிக்கத் திருகு மட்டும் போதாது. 40 நிமிடத்தில் ஒரு பாலத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். 10 நொடிக்கு ஒரு சுற்று என்றால் பாலத்தை மாட்டிக் கழற்ற நேரம் இருக்காது. இரண்டு பீரியடு கேளுங்கள், அல்லது போட்டியை வாளியில் நடத்திவிட்டு ஒவ்வொரு குழுவிடமும் இரண்டாவது சின்னப் பாலம் வாங்கித் திருகில் பாடம் நடத்துங்கள்.

வாளிதான் என்றால்:

மணலை முன்கூட்டியே 1 கிலோ பாலித்தீன் உறைகளாகக் கட்டுங்கள். ஐந்து ஐந்தாகப் போட்டால், 20-ஐத் தாங்கி 25-இல் உடைந்த பாலத்துக்கு எந்த எண் எழுதுவது என்று தெரியாது. 1 கிலோ உறை போட்டால் சந்தேகம் 1 கிலோவுக்குள் அடங்கும். ஒவ்வொரு உறைக்குப் பிறகும் 10 நொடி. தூக்கிப் போடாமல் இறக்கி வைக்க வேண்டும். மேலிருந்து விழும் 1 கிலோ அந்தக் கணத்தில் 1 கிலோவாக இருக்காது, அதைவிடப் பலமாக இடிக்கும்.

குழாயில் தண்ணீர் விடுவது இன்னும் மென்மையானது. நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1 கிலோ. ஆனால் 30 கிலோ ஏற அரை மணி நேரம், உடைந்ததும் வகுப்பே குளம். முதல் 15 கிலோவை உறையாகப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் ஏற்றலாம்.

வாளியின் அடி தரையிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் இருக்கவே கூடாது. 20 கிலோ 5 செ.மீ. விழுந்தால் 10 ஜூல், அரை மீட்டர் விழுந்தால் 98 ஜூல். கீழே பழைய டயர். பிள்ளைகள் கால்விரலை எட்ட வைக்க ஒரு பெஞ்சைக் குறுக்கே போடுங்கள்.

ஜூன் 22 | லேத்துக்காரன்

கார் ஜாக்கை அடியில் வைத்துத் தள்ளினால் என்ன? பாட்டில் ஜாக் பட்டறையில் சும்மா கிடக்கிறது.

ஜூன் 22 | நட்டுபோல்ட்டு

பாட்டில் ஜாக் கைப்பிடியை ஒரு முறை அமுக்கினாலே பல மி.மீ. ஏறும், எடை படிப்படியாக எகிறும். டன் கணக்குக்குச் செய்தது, 30 கிலோவை அதன் பிரஷரில் படிப்பது லாரித் தராசில் கொத்தமல்லிக் கட்டை நிறுப்பது மாதிரி. சிசர் ஜாக் பரவாயில்லை, அதுவும் திருகுதான். ஆனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறும் என்பது அதன் உயரத்தைப் பொறுத்து மாறும், அதனால் சுற்றை எண்ணிப் பயனில்லை. கோபுர மாதிரியை மேலிருந்து அமுக்க வசதிதான்.

சொல்லப்போனால் கோபுரத்துக்கும் இதே சட்டம் போதும். உச்சியில் கட்டை, கோபுரத்தின் உள்கூடு வழியே நீள ராடு, அடியில் தராசு, நட்டு.

ஜூன் 23 | நட்டுபோல்ட்டு

லோடு செல் பற்றிச் சொன்னபடி.

50 கிலோ அல்லது 100 கிலோ எஸ் வடிவ செல் வாங்கினால் ராடில் நேராக மாட்டலாம். சின்ன பார் வகை செல் 20 கிலோவுக்குக் கிடைக்கும், விலை மலிவு, ஆனால் உங்கள் பாலத்துக்குப் போதாது. எடை மெஷினிலிருந்து பிரித்த நான்கு 50 கிலோ செல்லையும் பயன்படுத்தலாம், அப்போது முழுச் சட்டத்தையும் அதன் மேல் வைக்கக் கூடாது. திருகு சட்டத்தையே இழுப்பதால் உள்ளுக்குள் நடக்கும் இழுவை தரைக்கு வரவே வராது, எண் அசையாது. தாங்கிகளுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். இந்தத் தப்பைச் செய்து செல் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

செல்லுக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவில் எச்எக்ஸ்711 பலகை, செல்லின் சின்ன சிக்னலைப் பெருக்கி எண்ணாக மாற்றுவது. நாலு வயர் செல்லில் வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரம், பச்சையும் வெள்ளையும் சிக்னல். எண் எதிர்மறையாக வந்தால் பச்சையையும் வெள்ளையையும் மாற்றுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. வாங்கும் பலகையில் நொடிக்கு 10 அளவுதான் வரும், சிப்பின் ஒரு காலை (பின்னை) மட்டும் தூக்கி மின்னழுத்தம் கொடுத்தால் 80. உடைவது நொடியில் நடக்கிறதே, 80 வேண்டாமா என்று கேட்பார்கள். திருகில் எடை மெல்ல ஏறுவதால் உச்சத்துக்கு முந்தைய பத்தில் ஒரு நொடியில் எண் பெரிதாக மாறியிருக்காது. 10 போதும், எண்ணும் ஆடாது.

நிரலில் ஒரே ஒரு மாறி கூடுதல்: வந்ததில் பெரியதை வைத்துக்கொள்வது. அதுதான் உச்சம்.

அளவு சரிபார்க்க மளிகைக் கடையில் முத்திரை குத்திய 5, 10 கிலோ எடைக்கல் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். சுழியத்திலும் 10-லும் பொருத்திவிட்டு 5-ஐயும் 15-ஐயும் தொங்கவிட்டுப் பாருங்கள், நேர்கோட்டில் வருகிறதா என்று. 20 லிட்டர் தண்ணீர் கேனும் உதவும், காலி கேனின் எடையைச் சேர்க்க மறக்காதீர்கள். சுவிட்சு போட்டதும் எண் சற்று நகரும், பத்து நிமிடம் சூடாகவிட்டுப் பிறகு சுழியம் வையுங்கள்.

ஜூன் 24 | சிவில்_மூணாம்வருஷம்

தராசைவிடக் கட்டையை வைக்கும் இடம்தான் பெரிய பிழை. பாலத்தின் அகலம் 80 மி.மீ., கட்டை 10 மி.மீ. ஒரு பக்கமாக இருந்தால் ஒரு பக்கச் சட்டகம் 62.5 சதவீதமும் மற்றது 37.5-உம் சுமக்கும். சரியாக நடுவில் வைத்தால் தாங்கும் எடையில் 80 சதவீதத்திலேயே போய்விடும்.

ஜூன் 24 | நட்டுபோல்ட்டு

பத்து மில்லிமீட்டருக்கு இருபது சதவீதம். தராசின் 10 கிராம் துல்லியத்தைப் பற்றி இத்தனை நாள் பேசிக்கொண்டிருக்கிறோம்!

கட்டையின் அடியில் நடுக்கோடு இரண்டு கீறுங்கள், பாலத்தின் தளத்திலும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்குக் கோடு. 1 கிலோ அளவுக்கு இழுத்து நிறுத்தி, எதிரில் நின்று கட்டை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடர வேண்டும்.

தளத்தில் ராடு இறங்க வழி வேண்டும். 20 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வாரத்துக்கு முன்பே எல்லாக் குழுவுக்கும் கொடுங்கள்: இது நடுவில் நுழைய வேண்டும், நுழையாத பாலம் ஏறாது. சரியாக நடுவில் ஒரு குச்சியைக் குறுக்கே ஒட்டிவிட்டுப் போட்டி நாளில் பிளேடால் அறுக்கும் கூட்டம் எங்கேயும் உண்டு.

ஜூன் 25 | நட்டுபோல்ட்டு

பசை. காலையில் ஒட்டி மாலையில் ஏற்றக் கூடாது. மூன்று நான்கு குச்சியை அடுக்கி ஒட்டினால் நடுவில் இருக்கும் பசை ஒரு நாளில் காயாது. பாலத்தைத் தினமும் நிறுங்கள், அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. எடைக்குத் தக்க மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால் இதுவே அந்த எடையும்.

20 கிலோவில் திருகை நிறுத்தினால் எண் மெல்ல இறங்கும். தராசு பழுதில்லை. மரமும் பசையும் இழுவைக்கு நெகிழ்ந்துகொடுக்கின்றன. பிள்ளைகளிடம் காட்ட வேண்டிய விஷயம் இது, வாளியில் தெரியவே தெரியாது.

ஜூன் 26 | எட்டாம் வகுப்பு டீச்சர்

உடைந்த பிறகு என்ன எழுதச் சொல்வது? 'பாலம் உடைந்தது' என்றே எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஜூன் 26 | நட்டுபோல்ட்டு

மூன்றில் எது என்று கேளுங்கள். குச்சி பக்கவாட்டில் வில்லாக வளைந்து போனதா? குச்சி முழுசாக இருக்க ஒட்டு மட்டும் பிரிந்ததா? குச்சி அறுந்ததா?

அறுவது அபூர்வம். இழுக்கும்போது ஒரு குச்சி 100 கிலோவைத் தாங்கக்கூடியது, அதற்கு முன் ஒட்டு போய்விடும். வளைவதுதான் அடிக்கடி நடப்பது. 10 × 2 மி.மீ. குச்சி 100 மி.மீ. நீளத்துக்குத் தனியாக நின்றால் 6, 7 கிலோ அமுக்கத்திலேயே வில்லாகும். நடுவில் ஒரு குறுக்குக் குச்சி பிடித்து நீளத்தைப் பாதியாக்கினால் நாலு மடங்கு. இரண்டைத் தட்டையாகச் சேர்த்து ஒட்டினால் எட்டு மடங்கு. இதைச் சொல்லாதீர்கள். சமையலறைத் தராசில் குச்சியை நட்டமாக நிறுத்தி விரலால் அமுக்கச் சொல்லுங்கள், பிறகு பாதியாக வெட்டி மறுபடி. 10 கிலோ தராசு பாதிக் குச்சிக்கே நிரம்பிவிடும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 27 | மணல்வாளி

திருகு பக்கம் ஒரு ஓட்டு நானும் போடுகிறேன். உடைந்ததை ஒட்டி மறுபடி ஏற்றலாம்.

ஜூன் 27 | நட்டுபோல்ட்டு

வாளி கட்சியே மாறிவிட்டது. ஆனால் சொன்னது பெரிய விஷயம். ராபர்ட் ஸ்டீபன்சனின் பிரிட்டானியா பாலத்துக்கு (வேல்ஸ், 1850-இல் திறந்தது) முன்பு வில்லியம் ஃபேர்பேர்ன் லண்டன் மில்வாலில் ஆறில் ஒரு பங்கு அளவில் இரும்புக் குழாய் மாதிரி கட்டி, நடுவில் எடை தொங்கவிட்டுக் கிழித்தார். கிழிந்த இடத்தைத் தகடு வைத்துப் பலப்படுத்தி மறுபடி ஏற்றினார். திரும்பத் திரும்ப. எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரும்பு என்பது அப்படித்தான் தெரிந்தது.

வகுப்பில்: முதல் 'டக்'குக்கே திருகை நிறுத்துங்கள். எண்ணை எழுதுங்கள். போன இடத்தில் மட்டும் ஒரு குச்சி ஒட்ட அனுமதி, ஒன்றே ஒன்று. காய விட்டு அடுத்த வாரம் மறுபடி. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தனி மதிப்பெண்.

ஜூலை 9 | எட்டாம் வகுப்பு டீச்சர்

சட்டம் வந்துவிட்டது. 15 கிலோவுக்கு மேல் நட்டைத் திருகக் கை வலிக்கிறது, 'கீர்' என்று சத்தம். பேரிங் போட்டுத்தான் இருக்கிறோம்.

ஜூலை 9 | லேத்துக்காரன்

பேரிங்கின் இரண்டு தட்டில் ஒன்றின் துளை கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது சட்டத்துப் பக்கம், சின்னத் துளை நட்டுப் பக்கம். மாற்றிப் போட்டிருப்பீர்கள். ராடின் மரையில் கிரீஸும் வையுங்கள். நட்டின் மேல் ஒரு சாண் கம்பியைக் கைப்பிடியாகப் பற்றவைத்தால் பிள்ளைகளே திருகலாம்.

ஜூலை 10 | எட்டாம் வகுப்பு டீச்சர்

மாற்றித்தான் போட்டிருந்தோம்.